உன் அம்மாவின் இடுப்பெலும்பை உடைத்தது யார்

நான் உடைக்கவில்லை. முதலில் அதைப் போட்டுவிட்டு மற்றதற்கு வருகிறேன். நேற்று நீ போனில், "உங்க கிண்டலாலதாம்பா அம்மா ஒடைஞ்சாங்க, ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வண்டி எடுத்துக்கினு வரேன், இனிமே அம்மா எங்ககூடத்தான்" என்று ஒரே மூச்சில் சொன்னாய். பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன், நீ வைத்துவிட்டாய். திருப்பிக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பதாக மெசேஜ் வருகிறது. சரி, மீட்டிங் நடக்கட்டும். பேச்சென்றால் நீ பாதியில் வைத்துவிடலாம். காகிதத்தை என்ன செய்வாய்? கிழிக்கலாம். கிழிப்பதற்குள் நாலு வரி கண்ணில் பட்டுவிடும், எனக்கு அது போதும்.

உனக்குத்தான் தெரியுமே, நான் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் மணி அடித்தவன், பாடம் படித்தவன் இல்லை. எட்டாவதில் நின்றுவிட்டேன். வாயால் சொன்னால்தான் எனக்குக் கை எழுதும். ஆகையால் இந்தக் கடிதம் முழுவதையும் உன் அம்மாவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். மாடிப்படி வாசலில் காற்று வருகிற இடமாகப் பார்த்து நாற்காலி போட்டிருக்கிறேன். அவள் கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார்ந்து பூண்டு உரிக்கிறாள். மத்தியானச் சாப்பாடு ஆகிவிட்டது. "கொயந்தய இன்னாத்துக்கு இப்பிடி எழுதற" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தெட்டு வயதுக் குழந்தை. தலையில் முடி போய், வயிறு முன்னால் வந்து, கண்ணாடியும் போட்டாயிற்று, அவளுக்கு இன்னும் குழந்தை.

யார் உடைத்தது என்று கணக்குத் தீர்க்க வேண்டும் என்கிறாயே, பொருத்தனையிலிருந்து ஆரம்பி. அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் நீ நேராகப் பெசன்ட் நகர் மாதா கோயிலுக்குப் போனாய். நல்ல பிள்ளை. அங்கே முட்டி போட்டு என்ன நேர்ந்துகொண்டாய்? "அம்மாக்கு சரியாச்சின்னா, கொடியேத்தத்துக்கு அம்மாவ சாந்தோம்லேருந்து செருப்பு இல்லாம நடக்க வெச்சி கூட்டிக்கினு வரேன் தாயே." நீயே வந்து எங்களிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாய். உன் மனைவி ஷீலா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். நானும் தலையாட்டினேன். யாருக்கும் ஒன்று தோன்றவில்லை பார்: நேர்ந்துகொண்டது நீ, நடக்க வேண்டியது அவள். உன் காலை ஏன் நேரவில்லை? உனக்கு இரண்டு இருக்கிறதே. மொட்டையாவது நேர்ந்திருக்கலாம், ஆனால் உன்னிடம் மாதாவுக்குக் கொடுக்க முடி ஏது. கையில் இல்லாததை விட்டுவிட்டு அம்மாவின் காலை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாய். இதைக் கேட்டு அவள் சிரிக்கிறாள். நீ பார்க்கிறமாதிரி இருந்தால் சிரிக்கமாட்டாள்.

அப்புறம் அவளுக்குக் கரண்ட்டு வைத்தார்கள். கதிர்வீச்சு என்று போர்டில் எழுதியிருப்பான், அங்கே வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஜனம் எல்லாம் கரண்ட்டு என்றுதான் சொல்லும். அஞ்சு வாரம், வாரத்துக்கு அஞ்சு நாள். வயிற்றில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, அது அழியக்கூடாது என்று சோப்பு போடவிடாமல், தினமும் ஒரு பாட்டில் தண்ணீர் குடிக்கவைத்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். அவள் உள்ளே போவாள், நான் பெஞ்சில் இருப்பேன். அந்த அஞ்சு வாரத்தில் நீ வந்தது இரண்டு நாள். ஒரு நாள் காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று வாசலோடு திரும்பிப் போனாய், அதையும் சேர்த்தால் மூன்று. தினமும் பெருங்குடி வீட்டில் இருந்தபடியே போனில் தட்டி எங்களுக்கு வண்டி அனுப்பினாய், அதை இல்லை என்று சொல்லவில்லை. வண்டி ஓட்டுகிறவர்கள்தான் அவளைக் கைபிடித்து இறக்கினார்கள். இருபத்தஞ்சு நாளில் இருபத்தஞ்சு பேர், எல்லாரும் "பாத்து எறங்குங்கம்மா" என்றார்கள். அவர்களில் யாரை வேண்டுமானாலும் உன் அம்மா தத்தெடுத்திருக்கலாம்.

நீ வந்த இரண்டு நாளில் ஒன்று கடைசி நாள். அன்றைக்குத்தான் கரண்ட்டு டாக்டர் நம் மூன்று பேரையும் உட்காரவைத்துப் பேசினார். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். சின்னப் பெண்தான், உன் ஷீலாவைவிட வயது குறைவு. ஒரு வெள்ளைத் தாளில் இடுப்பெலும்பைப் படமாக வரைந்தார். "கட்டி இருந்த எடத்துக்குக் கதிர் போற வழியில எலும்பும் இருக்கும்மா, அத விட்டுட்டுப் போகாது" என்றார். எலும்பு கல் மாதிரி சும்மா கிடப்பதில்லையாம். உயிர் இருக்கிறவரைக்கும் அதற்குள்ளே வேலை நடந்துகொண்டே இருக்குமாம். ஒரு கூட்டம் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கும், இன்னொரு கூட்டம் பின்னாலேயே வந்து புது எலும்பு கட்டும். இரண்டும் சரிக்குச் சரி நடந்தால் எலும்பு கெட்டி. கதிர் பட்டால் கட்டுகிற கூட்டம்தான் அதிகமாகச் சாகும். கரைக்கிற கூட்டம் அவ்வளவு சீக்கிரம் சாகாது, கொஞ்ச நாளைக்கு இன்னும் வேகமாக வேலை செய்யும். அந்த இடத்து ரத்தக் குழாயும் சுருங்கிப்போகும், அதனால் புது ஆள் வந்து சேரவும் வழி இல்லை. "வெளிய பாத்தா எலும்பு அப்பிடியே இருக்கும்பா. உள்ள சல்லடையாயிடும். இப்பவே தெரியாது, ஆறு மாசம், ஒரு வருஷம்னு கழிச்சுதான் வேலையக் காட்டும்."

நான் சும்மா இருப்பேனா? "நம்ம லஸ் ரோடு மாதிரின்னு சொல்லுங்க டாக்டர். தோண்ட ஒரு கோஷ்டி வரும், மூட ஒரு கோஷ்டி வரும். இங்க தோண்டறவன் டெய்லி வேலைக்கு வரான், மூடறவன் செத்துட்டான்" என்றேன். டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "அப்பா கரெக்டா புரிஞ்சிக்கிட்டாரு" என்றார். நீகூடப் போனிலிருந்து தலையை நிமிர்த்தினாய். அந்தச் சிரிப்பிலேயே எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. சுண்ணாம்புச்சத்து மாத்திரை, காலை வெயில், பாரம் தூக்கக்கூடாது, முதுகிலோ இடுப்பிலோ வலி வந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்று அவர் சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு. ஜோக்கை மட்டும் வீட்டுக்கு எடுத்து வந்து எதிர்வீட்டிலும் கோயில் வாசலிலும் பத்துப் பேரிடம் சொன்னேன். விஷயத்தை அந்த மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்தேன். நீயும் அங்கேதான் இருந்தாய், நீயும் எடுத்து வரவில்லை. படம் வரைந்த தாள் மட்டும் உன் பையில் வந்தது, அதில் ஷீலா பிறகு மளிகைச் சாமான் எழுதினாள்.

நோய் போய்விட்டது. டாக்டர்கள் சொன்னார்கள், ஊரெல்லாம் சொன்னோம். அடுத்த தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாட்களில், அவளுக்கு இடுப்பு வலிக்க ஆரம்பித்தது. முதலில் கோயிலில்தான் நான் கவனித்தேன். முட்டி போடுகிற நேரத்தில் எல்லாரும் முட்டி போட, இவள் மட்டும் பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னா, பிஷப் ஆயிட்டியா, ஒக்காந்தே ஜெபம் பண்ற" என்று காதோரம் சொன்னேன். அடுத்த வாரம் முட்டி போட்டாள். எழுந்திருக்கும்போது முன்பெஞ்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், முகம் வேர்த்திருந்தது. அதைப் பார்த்து நான் கண்ணைச் சிமிட்டினேன்.

நீ நேற்று சொன்ன கிண்டல் எது என்று எனக்குத் தெரியும். நொச்சிக்குப்பத்துக் கதையை உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், அடுத்தவர் வாயில் அது அசிங்கமாக இருக்கும். என் வாயிலும் அசிங்கம்தான், ஆனால் முழுசாக இருக்கும். சனிக்கிழமை காலையில் அங்கே மீன் வாங்கப் போனோம். ரோட்டோரம் வழக்கமாக நமக்குக் கொடுக்கிற அம்மா, "இன்னாக்கா, ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நடக்கற, காலுல இன்னா" என்று கேட்டாள். உன் அம்மா, "இடுப்பு வலிம்மா, குந்தனா எய்ந்திருக்க முடியல, எய்ந்தா நடக்க முடியல. படுத்தாதான் கொஞ்சம் கொறையுது" என்றாள். நான் அவள் கையிலிருந்த பையை வாங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு, அவள் எப்படி நடக்கிறாளோ அப்படியே அந்த மீன்கூடை வரிசை முழுக்க நடந்து காட்டினேன். எனக்கு அது நன்றாக வரும். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் நடையை நடந்து காட்டி எட்டாம் வகுப்பையே சிரிக்கவைத்தவன் நான். மீன்காரிகள் சிரித்தார்கள். வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவன் எழுந்து வந்து பார்த்துச் சிரித்தான். "அய்ய, தாத்தா டாப்பா பண்றாரு" என்றார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். அதுதான். அன்றிலிருந்து யார் வீட்டுக்கு வந்தாலும், "ஒருக்கா அக்கா நடக்கற மாதிரி நடந்து காட்டுங்க" என்பார்கள், நானும் நடந்து காட்டுவேன். நீயும் ஒரு தடவை ஈஸ்டருக்கு வந்தபோது கேட்டாய். உன் மகளும் கைதட்டினாள். நேற்று போனில் அந்தப் பாகத்தை மட்டும் நீ சொல்லாமல் விட்டுவிட்டாய்.

"போதும் வுடு, மன்சன் சிரிக்க வாணாமா" என்கிறாள் இவள், உனக்காகத்தான். எனக்காக இல்லை.

மாதா கோயில் கொடியேற்றம் வந்தது. அவள் உன்னிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள்: "இந்த வருசம் வாணாம். பஸ்ல போலாம், அடுத்த வருசம் நடக்கறேன், மாதா ஒண்ணும் சொல்லமாட்டாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொடுக்கறேன்னு சொல்லிட்டு மாதாவையே ஏமாத்தறியா? நோய் திரும்பி வந்தா யாரக் கேப்ப?" என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் முகம் எப்படிப் போயிற்று என்று பார்த்துவிட்டு, அதற்கும் ஒரு ஜோக் சொன்னேன், அது இப்போது ஞாபகமில்லை. மறுநாள், மாதாவுக்கு நடக்கிறவர்கள் கட்டுகிற காவிப் புடவையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

நீயும் காவிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாய், போனை ஒரு குச்சியில் மாட்டிக்கொண்டு. நீ செருப்பு போட்டிருந்தாய், அதையும் சொல்லிவிடுகிறேன், தார் சுடுகிறது என்றாய். பட்டினப்பாக்கம் வரைக்கும் சும்மா நடந்தாள். அதற்குப் பிறகு என் தோளைப் பிடித்தாள். அடையாறு பாலத்தில் ஏறும்போது கூட்டம் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நம்மைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. பாலத்தின் நடுவில் நின்றாள். "இன்னாமோ ஒடைஞ்ச மாதிரி கீதுடா" என்றாள் உன்னிடம், என்னிடம் இல்லை. நீ முன்னால் போய்த் திரும்பி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாய். "ஒரு நிமிசம் சிரிம்மா, ஆத்துல வெயில் சூப்பரா விழுது" என்றாய். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கீழே போனாள். முதலில் கால் ஒரு பக்கமாகத் திரும்பியது, அப்புறம்தான் உடம்பு சாய்ந்தது. அந்தப் படம் உன் போனில் இருந்தது, எனக்குத் தெரியும். விழுகிறதுக்கு முந்தின துண்டை மட்டும் வெட்டி எடுத்து, பொருத்தனை நிறைவேறியது என்று எழுதி, மாதா படம் வைத்து நீ ஸ்டேட்டஸ் போட்டிருந்தாய். ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே போட்டுவிட்டாய். அப்புறம் எடுத்துவிட்டாய், ஆனால் அதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் பூப்படம் அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் உன்னையும் என்னையும் எக்ஸ்ரே மாட்டிய வெளிச்சப் பலகை முன்னால் நிறுத்தினார். "இவங்க விழுந்ததால ஒடையல. ஒடைஞ்சதால விழுந்தாங்க" என்றார். தொடையெலும்பு இடுப்பில் சேர்கிற கழுத்து அது, கதிர் போன பாதையில் இருந்தது, வெறும் நடைக்கே விட்டுக்கொடுத்துவிட்டது. சாதாரண எலும்பாக இருந்தால் திருகாணி போட்டுச் சேர்க்கலாமாம். இங்கே சேர்த்தாலும் ஒட்டுவதற்கு உள்ளே ஆள் இல்லை. ஆகையால் எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டு இரும்புப் பந்து வைத்தார்கள். அதுவும் பிடித்து நிற்குமா என்பது சுற்றி இருக்கிற எலும்பு எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதைப் பொறுத்தது, நாளாக ஆக ஆட்டம் காணலாம், பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார். அப்புறம் படத்தில் இடுப்பின் பின்பக்கத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார். அங்கே இரண்டு பக்கமும் கோடு மாதிரி பழைய விரிசல். "இது பாலத்துல வந்தது இல்ல. மாசக்கணக்கா இருந்திருக்கு. உயிர் போற மாதிரி வலிச்சிருக்குமே, யாரும் ஸ்கேன் எடுக்கலையா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். மருந்துக் கம்பெனிக் காலண்டர், மாடு படம் போட்டிருந்தது.

அதனால் கேட்டுக்கொள். உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்வேன், அப்பன் என்றால் அப்படித்தான். அடுத்தவர் உடம்பை வைத்து மாதாவிடமோ வேறு யாரிடமோ எதையும் ஒப்புக்கொள்ளாதே. ஷீலா எங்கேயாவது வலிக்கிறது என்றால் எங்கே என்று கேள், எப்போதிலிருந்து என்று கேள், அப்புறம் வேண்டுமானால் சிரி. அம்மாவுக்கு வருஷம் ஒரு ஊசி இருக்கிறது, எலும்பைக் கரைக்கிறவனைக் கொஞ்சம் அடக்கிவைக்கிற ஊசி, அதைப் போடுவதற்கு முன் பல் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. காலை வெயிலில் அரைமணி உட்காரவேண்டும். உன் வீட்டில் வெயில் எந்தப் பக்கம் வருகிறது என்று உனக்குத் தெரியுமா? பதினோராம் மாடியில் இருக்கிறாய், திரையை நீ திறந்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நீ சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே பதினெட்டுப் படி, லிப்ட்டு கிடையாது. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தனியாகக் கீழே போனதே இல்லை. டாக்டரிடம் போகும்போது நானும் கீழ்வீட்டுப் பையனும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்குவோம். வாக்கரை விட்டு இப்போதுதான் கைத்தடிக்கு வந்திருக்கிறாள். ஆனால் அங்கே போனால் காலை எட்டரைக்கு நீயும் ஷீலாவும் கிளம்பிவிடுவீர்கள், பேத்தி பள்ளிக்கூடம் போய்விடும், இவள் யாரோடு பேசுவாள்? குப்பைமேட்டுப் புகை ஜன்னல் வழியாக வரும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு டிவி பார்ப்பாள். இங்கே என்றால் கோயில் மணி கேட்கும், ஜெபக்கூட்டத்துப் பொம்பளைகளில் தினமும் ஒருத்தியாவது மேலே ஏறி வருவாள். போகிறாயா என்று அவளைக் கேட்டால், "பாக்கலாம்" என்கிறாள். நேற்றிலிருந்து அதே பாக்கலாம். இந்தக் கடிதமே அதற்குத்தான். நீ வராமல் இருக்கவேண்டும், அவள் இங்கேயே இருக்கவேண்டும். என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: அவள் போய்விட்டால் நான் யாரைக் கிண்டல் பண்ணுவேன்? சுவரையா?

"என்னிய கேட்டியா நீ" என்கிறாள். "கேட்டுக்கினுதான கீறேன் நேத்துலேருந்து" என்றேன். "வாய மூடிக்கினு எழுது" என்கிறாள். வாயை மூடிக்கொண்டு எனக்கு எழுத வராது என்று அவளுக்கும் தெரியும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. இதை அவளிடம் நேராகச் சொல்ல எனக்கு ஒரு வருஷமாக முடியவில்லை. உனக்கு எழுதுகிற சாக்கில் சொல்கிறேன், காது இருக்கிறவள் கேட்டுக்கொள்ளட்டும். மீன் ரோட்டில் நான் நடந்து காட்டியதற்கு இரண்டு வாரம் கழித்துக் கரண்ட்டு டாக்டரிடம் செக்கப் இருந்தது. அன்றைக்கு நீ வரவில்லை. உன் அம்மாவைப் பரிசோதித்து முடித்து, அவள் திரைக்குப் பின்னால் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னிடம் கேட்டார்: "அம்மா ஏம்ப்பா அப்பிடி நடக்கறாங்க? இடுப்புல வலி இருக்கா?" நான் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சும்மா டாக்டர், வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்க நடிப்பு" என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். "எதுக்கும் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க, இந்த வாரமே. அதுவரைக்கும் அதிகம் நடக்கவிடாதீங்க" என்றார். நான் சரி என்று சொல்லி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

எடுக்கவில்லை. அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. மறக்கவில்லை, நன்றாக ஞாபகம் இருந்தது. ஸ்கேன் எடுத்தால் நோய் எலும்புக்கு வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அந்த அஞ்சு வாரத்துப் பெஞ்சில் அப்படி எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு வலி என்பார்கள், ஒரு படம் எடுப்பார்கள், அப்புறம் அவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும் வந்து மாத்திரை வாங்கிப் போவார்கள். படம் எடுக்காவிட்டால் வந்தது வராததாகிவிடும் என்று நினைத்தேன். அதனால்தான் அவ்வளவு நடந்து காட்டினேன். அவள் நொண்டுவது நடிப்பென்றால் அது நோய் இல்லையே. பத்துப் பேர் சிரித்தால் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். கடைசியில் அது நோயே இல்லை, வெறும் எலும்பு. அன்றைக்கே பார்த்திருந்தால் படுக்கப்போட்டு, தடி கொடுத்து, மாத்திரை கொடுத்து, நடக்காதே என்று சொல்லியிருப்பார்கள். பாலமும் இல்லை, இரும்பும் இல்லை. அந்தச் சீட்டு சட்டைப் பையிலேயே இருந்தது. அந்தச் சட்டையை அவள்தான் குனிந்து உட்கார்ந்து துவைத்தாள். "பாக்கெட்ல இன்னாத்த வெச்ச, துணி பூரா காயிதமா கீது" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு துணியிலிருந்தும் அதைப் பொறுக்கி எடுத்தாள்.

பூண்டு உரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. "நீலச் சட்டையா" என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன்.

முறத்தைப் பக்கத்தில் வைத்தாள். மடியில் இருந்த தோலை உதறினாள். கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்தாள், நான் எழுந்திருக்கப் போனேன், கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். சுவரில் மாட்டியிருந்த பையை எடுத்து, ஜெபமாலையையும் மாத்திரை டப்பாவையும் போட்டுக்கொண்டாள். தடியை எடுத்துக்கொண்டாள். என் நாற்காலியைத் தாண்டினால்தான் படி. என் காலை மடக்கிக்கொள்ளும்வரை நின்றாள்.

"எங்க போற, ஞாயித்துக்கெழம தான வரான்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் இன்னாத்துக்கு" என்றாள்.

கைப்பிடியைப் பிடித்து, முதலில் இரும்புக் காலை இறக்கினாள், அப்புறம் மற்றக் காலை. ஒரு படி. மறுபடி இரும்புக் கால். "இரும்மே, புடிச்சிக்கறேன்" என்று எழுந்தேன். திரும்பிப் பார்க்காமல், "கிட்ட வந்த, கட்டையால போடுவேன். அவனுக்குத்தான எழுதற, எழுதிக்கினு கெட" என்றாள். நானும் எழுதிக்கொண்டே இருக்கிறேன், அவள் இறங்க இறங்கச் சொல்லிச் சொல்லி எழுதுகிறேன், இன்னும் கேட்கிற தூரத்தில்தான் இருக்கிறாள். பாதியில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். அப்புறம் மீதிப் படியும் இறங்கிவிட்டாள், பதினெட்டும், ஒருவரும் பிடிக்காமல். கேட் திறந்தது. ரோட்டில் ஒரு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, "பெருங்குடி" என்றாள். ஆட்டோக்காரன் இறங்கி வந்து, "பாத்தும்மா, கைய குடுங்க" என்றான். அவனிடம் கையைக் கொடுத்தாள்.

நான் மாடி விளிம்புக்குப் போய், "இன்னும் முடியலம்மே, கடைசி வரி கீது, கேட்டுட்டுப் போ" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.